சுருண்டு வந்த மெழுகு

அதெல்லாம் நான் கேக்கல. வித்தவன் நல்லவனா கெட்டவனான்னு கேட்டேனா? எங்க வாங்கினேன்னு கேட்டேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னானா? சரி, சொல்லாதே. காப்பியை மட்டும் மேஜை மேல வைக்காதே. பெட்டி நனைஞ்சா அதுக்கும் என்னைத்தான் திட்டுவே.

மெர்வின்தானே உன் பேரு? டொலிடோலேருந்து இந்தப் பனியில ஓட்டிக்கிட்டு வந்திருக்கே. பாரு மெர்வின், இந்தக் கதவைத் தட்டறவன் எல்லாம் உன்னை மாதிரிதான் வருவான், கோழி அடைகாக்கற மாதிரி மடியில பெட்டியை வச்சுக்கிட்டு. பழைய பேஸ்பால் அட்டை. பெட்டி நிறைய மெழுகுத்தாள் பொட்டலம், ஒவ்வொண்ணு உள்ளயும் ஆட்டக்காரன் படம் போட்ட அட்டை, கூட ஒரு பபிள்கம். பொட்டலத்தைப் பிரிக்காத வரைக்கும்தான் மதிப்பு. பிரிக்காமலே அசலான்னு சொல்றது என் பொழப்பு. மூடியைத் திறப்பேன், தொட்டுப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். சரியா இருந்தா பிளாஸ்டிக் சுத்திக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பேன்.

இதுக்குப் போட மாட்டேன்.

உக்காரு. உக்காருன்னேன். கத்தாதே, உள்ள என் சம்சாரம் படுத்திருக்கா. லொரெய்னுக்கு உடம்பு சரியில்ல.

லாரியை வித்தா இதை வாங்கினே? முட்டாள். பொண்ணு படிப்புக்கா. அதுக்காக? பாவம் பார்த்து நான் கையெழுத்துப் போட்டா, உன்கிட்ட வாங்கறவன் நாளைக்கு இதே நாற்காலியில உக்காந்து அழுவான்.

எப்படித் தெரியும்னா... இங்க வா, விளக்குகிட்ட. இந்தப் பொட்டலத்து ஓரத்துல நகத்தால கீறு. பயப்படாதே, இனிமே கெட்டுப்போக என்ன இருக்கு? பாத்தியா, சுருண்டு வருது. பழைய மெழுகுன்னா பொடியா உதிரும். இது இந்த மாசம் ஒட்டினது. நல்ல அட்டையை எல்லாம் உருவிட்டு, குப்பையை உள்ள வச்சு, இஸ்திரிப் பெட்டியால மூடியிருக்கான்.

ஆனா கெட்டிக்காரன். சூடு பட்ட பளபளப்பு எங்கயாவது தெரியுதா? தெரியாது. வேற எவனாயிருந்தாலும் ஏமாந்திருப்பான். நானும் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன், மூடியைத் திறந்ததும் அந்த அடுக்கு கண்ணுல படாம இருந்திருந்தா.

ஃபாக்டரில கையால அள்ளிப் போட்டதுப்பா இதெல்லாம். வீட்டுக்குப் போற அவசரம். ஒண்ணு தலைகீழா கிடக்கும், ஒண்ணு கோணலா. இதைப் பாரு. எல்லாம் ஒரே பக்கம் பாத்து, ஓரத்தோட ஓரம், நூல் புடிச்ச மாதிரி. தெரியாம செஞ்சதில்ல. கோணலா வச்சாத்தான் நம்புவாங்கன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். ஆனா அவன் கை கேக்காது, நேராத்தான் வைக்கும்.

ஆமா, இந்தக் கை எனக்குப் பழக்கம்தான். கோடையில இதே மாதிரி ஒரு பெட்டி வந்துச்சு. அப்புறம் இலை உதிர்ந்துச்சு, பனி கொட்டுச்சு, ஒண்ணுமே வரல. சரி, கதை முடிஞ்சுதுன்னு இருந்தேன்.

போலீஸுக்கா? அவங்ககிட்ட சொல்றவனா இருந்தா கோடையிலயே சொல்லியிருப்பேன்.

என்ன? சத்தமா சொல்லு. ஃபோர்ட் வெய்ன் ஊர்லயா? பழைய சாமான் சந்தைக்கு வெளிய, வேன்ல வச்சா? தனியாவா இருந்தான்? ஒல்லியா? எவ்வளவு ஒல்லி? பேசறப்போ கை சும்மா இருக்காதே, எதையாவது நேராக்கிக்கிட்டே இருப்பானே?

ம்.

அந்த வேன் இன்னும் அங்கதான் நிக்குமா? அதுலயேதான் தூங்கறானா?

உனக்கு ஆகவேண்டியதை அப்புறம் பேசலாம். ஓடிப்போக மாட்டேன், எனக்கு முழங்கால் சரியில்ல. காப்பி ஆறுது, குடி.

நான் உள்ள போய் லொரெய்ன்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன், இந்த மாசம் வரைக்கும் உயிரோட இருக்கான்னு. அந்த வேன்காரன் எங்க பையன்தான், கீத். சின்னதுல கரண்டி கோணலா இருந்தா சாப்பிட உக்காரவே மாட்டான். பெட்டி பாக்கக் கத்துக்கிட்டது இந்த மேஜையிலதான். அப்புறம் போதை ஊசி போட்டுக்க ஆரம்பிச்சான், வீட்டை விட்டுப் போயிட்டான்.

இரு, அவ முதல்ல கேக்கறது இதுவாத்தான் இருக்கும். குளிருக்குக் கோட்டு போட்டிருந்தானா?