திங்கட்கிழமையும் விடுமுறை என்று கதவுக்குச் சொன்னது பற்றி

பெயர் நிருபமா, வயது இருபத்தேழு, கணவர் பெயர் ராகவ், இருப்பது ஜெர்மனியின் பான் நகரில். வேலை நாளில் அலுவலகக் கதவைத் திறந்து, விடுமுறையில் பூட்டி வைக்கும் காலண்டர் மென்பொருள் எழுதும் சிறு கம்பெனியில் தற்காலிகப் பணியில் இருக்கிறேன். பணி நிரந்தரமா, ஊருக்கு டிக்கெட்டா என்பது அடுத்த வாரம் தெரியும். காவல் நிலையத்தில் சொன்னதையே, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, கைப்பட எழுதித் தருகிறேன்.

15.8.2004 ஞாயிறு காலை, ஆற்றங்கரைப் பூங்காவில் நடந்த எங்கள் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குக் கணவருடனும் கைக்குழந்தையுடனும் சென்றேன். எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் கொரிய மாணவி மின்ஜியும் லட்டுக்காக வந்திருந்தாள். தங்களுக்கும் இன்றுதான் விடுதலை நாள், ஞாயிறில் விழுந்து ஒரு லீவு வீணாகிவிட்டது என்றாள். அதற்குப் பதிலாகத்தான் நாளை லீவு விடுவார்களே என்றேன். "எதற்கு?" என்று கேட்டாள். அதன் பிறகு நான் லட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஏனென்றால் இந்நகரில் கொரிய விடுமுறைகளின்படியே நடக்கும் ஒரு கொரியக் கம்பெனிக் கிளையின் கதவுக்கு விடுமுறைகளை ஏற்றியவள் நான். ஜப்பானில் விடுமுறை ஞாயிறில் வந்தால் திங்களன்று ஈடு கொடுப்பார்கள். நம் ஊரில்தான் ஞாயிறில் போனது போனதுதான், முன்னேறிய நாட்டில் அப்படி இருக்காது என்று நம்பி, ஜப்பான் விதியையே கொரியாவுக்கும் போட்டிருந்தேன். கணவரிடம் சொன்னேன். "கீழ்வீட்லயே ஒரு கொரியா குடியிருக்கு, ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?" என்றார்.

முதலாளி சுற்றுலா போய், போனை அணைத்து வைத்திருந்தார். மறுநாள் காலை கிளை ஊழியர் அத்தனை பேரும் வெளியே நிற்பார்களே என்று பயந்து, கணவர் விழா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதே, கதவு திறக்கும் பராமரிப்பு அட்டையுடன் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அக்கட்டடத்துக்குச் சென்றேன். வெளிக்கதவு திறந்து, நாங்கள் நுழைந்ததும் பூட்டிக்கொண்டு, உள்கதவு திறக்காமல், அதன் பிறகு அலாரம் அடித்தது. விடுமுறையில் யார் வந்தாலும் இரண்டு கதவுக்கும் நடுவில் பிடித்து வை என்று எழுதியதும் நானே. அந்தப் பகுதியில் பிழை ஒன்றும் இல்லை.

அதன் பிறகு காவலர்கள் வந்து எங்களை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். என் ஜெர்மன் போதாததால், மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துப் புஸ்பவதி அக்கா வந்தார். "தங்கச்சி, கள்ளர் பிள்ளைவண்டிலோடை வாறேல்லை எண்டு சொல்லிப் பாத்திட்டன், இந்தாள் சிரிக்குதில்லை. நீங்கள் வடிவா விளங்கப்படுத்துங்கோ" என்றார். விளங்கப்படுத்தினேன். எழுதிக்கொண்டிருந்த காவலர், ஞாயிறில் போன விடுமுறை இங்கேயும் திரும்புவதில்லை என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு கிளை மேலாளர் திரு. பார்க் வரவழைக்கப்பட்டார். புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவருடனும் காவலருடனும் கட்டடத்துக்குத் திரும்பி, அவர்கள் முன்னிலையில் திங்கள் விடுமுறையை நீக்கினேன். திரு. பார்க் அது திரையிலிருந்து மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். என் முதலாளியிடம் சொல்வீர்களா என்று கேட்டேன். "உங்கள் முதலாளியிடம் நான் சொல்லவில்லை. இப்படி ஒரு லீவு இருந்ததை என் ஆட்களிடம் நீங்கள் சொல்லாதீர்கள்" என்றார்.

எனவே இவ்வாக்குமூலத்தை அக்கிளை ஊழியர் யார் கண்ணிலும் படாமல் வைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். இதில் நான் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) நிருபமா ராகவ்