கோதண்டராமன் சாரின் கைகள்

என்னால் உட்கார்ந்து பேச முடியாது, அதிதி. நின்றுகொண்டே சொல்கிறேன். உன் அப்பாவுக்கு இது பழக்கம். "லேத்தை விட நீதாம்பா அதிகமா ஆடறே, ரகு" என்பார்.

ஆஸ்டின் டவுனில் உங்கள் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் இரும்பு கடையும் ஒரு லேத்துக்குத்தான் இடம். பத்து வருடமாகச் சனிக்கிழமைகளில் நானும் உன் அப்பா கோதண்டராமன் சாரும் அதில் சின்னச் சின்ன நீராவி என்ஜின்கள் செய்தோம். லேத் தேய்ந்துபோனது. தானாக நகர வேண்டிய பாகம் என்றோ உடைந்துவிட்டது. கையால்தான் ஓட்ட வேண்டும். சார் ஒரு கம்பியைக் கடைய ஒரு மணி நேரம் எடுப்பார். என் முறை வரும்வரை நான் கதவுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

புதிது வாங்கலாம், முழுச் செலவும் என்னுடையது என்றேன்.

"இது என்னை ஒருநாளும் ஏமாத்தினதில்லப்பா."

மூன்று வருடம் அதே பதில்.

பழைய லேத்தை எடைக்கு வாங்கிப் பொம்மனஹள்ளிக்குக் கொண்டுபோன கோவிந்தப்பா உன்னிடம் சொன்னது சரி. அதில் கிரைண்டிங் பேஸ்ட் தடவியது நான்தான். என்ஜின் வால்வு தேய்க்கிற பசை. எண்ணெயோடு கலந்தால் வெளியே தெரியாது, இரும்பைத் தின்னும். சார் காப்பி எடுத்துவர உள்ளே போகும் ஐந்து நிமிடம் போதும். எட்டு மாதம் இப்படிச் செய்தேன். எப்படியும் தேய்ந்துகொண்டிருந்த இயந்திரம்தான்.

லேத் கெட்டுப்போய்விட்டது என்று அவரே சொல்வார் என எதிர்பார்த்தேன்.

முதல் பிஸ்டன் ஒரு முனை பருத்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை நான்கு முறை அளந்தார். லேத்தை அவர் பார்க்கவே இல்லை. கைகளை என் முன்னால் நீட்டினார்.

"உண்மையச் சொல்லு ரகு. நடுங்குதா?"

ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். மேசைமேல் வைத்த ஸ்பானர் போல அசையாமல் இருந்தன.

"கொஞ்சம், சார்."

அவர் விலகிக்கொண்டால் புது லேத் வேண்டாம் என்கிற பேச்சு முடிந்துவிடும். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஷெட் சாவியை என்னிடம் கொடுத்தார். "இனி உன் இஷ்டம்பா. நல்லதா ஒண்ணு வாங்கிக்கோ" என்றார். பாதி முடிந்த என்ஜினைத் துணியால் மூடிவிட்டு உள்ளே போனார்.

புது லேத் நன்றாக ஓடுகிறது. சத்தமே இல்லை. ஆனால் அதன் பக்கத்திலும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொல்கிறாய். ஆனாலும் அப்பா காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார், சட்டைப் பொத்தானை நீதான் போட்டுவிடுகிறாய் என்கிறாய். போன வாரம் நானும் கவனித்தேன். கை இப்போது நன்றாகவே நடுங்குகிறது.

அதனால் அன்று நான் சொன்னதைப் பொய் என்று சொல்லாதே, அதிதி. கொஞ்சம் முன்னதாகச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்.