இடுப்பு முப்பத்திரண்டு

பேன்ட்டின் இடுப்பைச் சுருக்குவது பத்து நிமிட வேலை, இன்ஸ்பெக்டர் மேடம். பின்பக்க நடுத் தையலைப் பிரித்து, கால் இன்ச் உள்ளே தள்ளித் தைத்து, இஸ்திரி போட்டுவிட்டால் போட்டுக்கொள்கிறவருக்கே தெரியாது. பழைய ஊசித் தடம் மட்டும் உள்ளே நிற்கும். அதைத்தான் என் நாத்தனார் பார்த்துவிட்டார். செத்துப்போன தம்பியின் பேன்ட்டுகளைத் தன் வீட்டுக்காரருக்கு ஆகும் என்று எடுத்துப் போனவர், உங்கள் மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எனக்குத் தையல்தான் தொழில். என் கணவர் கைக்கடிகாரக் கடையில் விற்பனையாளர். கல்யாணத்தின்போது அவருக்கு இடுப்பு முப்பத்திரண்டு, போன வருடமும் அதே முப்பத்திரண்டு. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பீற்றிக்கொள்வார். என் உடம்பு அப்படி இல்லை. ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அப்போது ஏறிய சதை இறங்கவில்லை. அன்றிலிருந்து நான் அவருக்கு 'ட்ரம்மு'. ஒருநாள் கடை ஆட்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். நான் பரிமாறக் குனிந்தபோது என் வயிற்றைக் காட்டி, "இவ இன்னும் பெத்துக்கல, உள்ளயே வச்சிருக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதே ஜோக்கைப் பதினோரு வருடம், ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சொன்னார்.

பிறகு அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தார். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "சிகரெட்ட விட்டா பசிக்கும், ரெண்டு மூணு கிலோ ஏறும். பயப்படாதீங்க, நடந்தா இறங்கிடும். ஆனா மறுபடி தொட்டீங்கன்னா இந்த இதயம் தாங்காது." என்னிடம் தனியாக, "நீங்கதாம்மா பாத்துக்கணும்" என்றார்.

பார்த்துக்கொண்டேன். வாய் நமநமவென்றால் மெல்லுவதற்கு வெள்ளரிக்காய் நறுக்கி டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். எண்ணெயைக் குறைத்தேன், சர்க்கரையை ஒளித்துவைத்தேன். காலையில் அவரோடு நடந்தேன். கிளினிக்கில் எடை பார்த்த நர்ஸ், ஒரு கிலோகூட ஏறவில்லை என்று என்னைப் பாராட்டினாள். அவர்தான் நம்பவில்லை.

"மெஷின் பழுது. என் பேன்ட்டு பொய் சொல்லுமா?" என்றார்.

முதல் தடவை சுருக்கியபோது பட்டன் போட மூச்சைப் பிடித்தார். இரண்டாம் தடவை கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று வயிற்றைத் தடவிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் தடவை, "கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடேன்" என்று கேட்டார். "போன வாரமே பண்ணிட்டேங்க. உள்ள இனிமே துணி இல்ல" என்றேன். கடையில் அவரை யாரோ 'தொப்பை' என்று கூப்பிட்டதாகச் சொன்னார். உண்மையில் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பயம் வந்துவிட்டால் காதில் எதுவும் விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு சிகரெட் பாக்கெட்டை நீட்டினார். அதில் இரண்டு குறைந்திருந்தன.

"உடம்பு ஏறுதேன்னு பிடிச்சிட்டேன். இத நீயே தூக்கிப் போடு. என்னால முடியல, நீதான் காப்பாத்தணும்" என்றார். பிறகு, "உன்னப் போய் அவ்வளவு பேசியிருக்கேன். குழந்தையப் பத்திகூட. மன்னிச்சிடு" என்றார்.

நடிப்பு இல்லை, மேடம். கண் கலங்கியிருந்தது. பதினோரு வருடமாக நான் எதிர்பார்த்த வார்த்தை அது. கேட்டால் மனம் இளகிவிடும் என்று நினைத்திருந்தேன். இளகவில்லை. இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறதை இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாரே என்றுதான் தோன்றியது.

பாக்கெட்டை அவர் கண் முன்னாலேயே குப்பையில் போட்டேன். அவர் நிம்மதியாகக் குளிக்கப் போனார். மறுநாள் போட வேண்டிய பேன்ட்டை எடுத்தேன். அந்தத் தடவை கால் இன்ச் இல்லை, அரை இன்ச்.

ஒன்பதாம் நாள் கடையின் பின்படிக்கட்டில் விழுந்து கிடந்தார். விரலிடுக்கில் சிகரெட் இருந்ததாகச் சொன்னார்கள். டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. தொட்டால் செத்துப்போவார், பயந்தால் தொடுவார். அது தெரிந்துதான் தைத்தேன். நான்தான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் அடித்துவிடுங்கள். சாப்பாட்டில் கவனமில்லாமல் தம்பியைக் குண்டாக்கிவிட்டேன் என்று நாத்தனார் சொன்னதாக இந்தப் புகாரில் இருக்கிறது. அது அபாண்டம். நர்ஸைக் கேட்டுப் பாருங்கள். மாரடைப்புக்குப் பிறகு அந்த மூன்று மாதம் நான் கவனித்துக்கொண்டதுபோல் எந்தப் பெண்டாட்டியும் புருஷனைக் கவனித்திருக்க மாட்டாள்.