உள்ளிருந்து திறக்காத கதவு

ராத்திரி ஒன்றேகால் மணி இருக்கும். இரண்டு பக்கமும் அறுத்து முடித்த சோளக்காடு. நடுவே ஒற்றைச் சாலை. எதிரே ஒரு வண்டி கிடையாது. தூரத்தில் ஒரு வீட்டு விளக்குக்கூடக் கிடையாது...

டோரீன் இப்படித்தான் ஆரம்பித்தாள். அமெரிக்காவின் ஐயோவாவில் அந்த வாரம் உறைமழை பெய்து மின்கம்பிகள் அறுந்துபோயிருந்தன. ஊரில் பாதிப்பேர் சர்ச்சின் கீழ்த்தளத்தில், மண்ணெண்ணெய் ஹீட்டரைச் சுற்றிப் போர்வையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நானா இட்டுக்கட்டல. என் சிநேகிதியோட அண்ணனுக்கு நடந்தது. வர்ஜில்னு பேரு."

மறுத்துப் பேசக்கூட எல்லோருக்கும் அலுப்பாக இருந்தது.

அந்த வர்ஜிலுக்குப் பன்றி இறைச்சி ஆலையில் மாலை ஷிஃப்ட். நாளெல்லாம் கத்தி பிடித்து விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். வீட்டுக்கு வந்து வெந்நீரில் வைத்தால்தான் நிமிரும். அவருடைய பழைய டிரக் ஒருநாள் வழியிலேயே செத்துப்போக, ஏலத்தில் ஓய்வு கொடுத்த போலீஸ் கார் ஒன்றை எடுத்தார். மகள் டெஸ்ஸா நர்ஸ் படிப்பை முடிக்கப்போகிறாள். புது வருஷம் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் பின்னிரவு வரை வேலை. அதுவரை காரை அவர் ஓட்டுவது, பிறகு அவளுக்குக் கொடுத்துவிட்டு ஆலை வேனில் போவது. அதுதான் ஏற்பாடு. குளிர்காலத்தில், அந்தச் சாலையில், பெண் பிள்ளை தனியாக வரவேண்டும். வண்டி நம்பகமாக இருக்கவேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருந்த கம்பித் தடுப்பை எடுத்தார். கைதிகள் உட்காரும் கெட்டிப் பிளாஸ்டிக் இருக்கையைக் கழற்றிவிட்டுத் துணி இருக்கை போட்டார். கூரையில் சுழல்விளக்கு இருந்த ஓட்டைகளை அடைத்தார். கதவில் எழுத்தை உரித்த தடம் மட்டும் போகவில்லை. சாய்ந்த வெயிலில் 'ஷெரிஃப்' என்று நிழலாகத் தெரியும்.

ஆலை வாசலில் வண்டியை நிறுத்தினால் போதும். "ஷெரிஃப் வந்தாச்சு, பீரை ஒளிச்சு வைங்கடா!" என்பான் ஒருவன்.

"முதல்ல உன்னைத்தான்டா பிடிச்சுப் பின்னால போடணும். போட்டா நீயா இறங்கவும் முடியாது" என்பார் வர்ஜில்.

உண்மைதான். போலீஸ் காரில் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. கைப்பிடி இருக்கும், உள்ளே அதற்கான கம்பியைக் கழற்றியிருப்பார்கள். அந்தக் கம்பி இன்னும் கிடைக்கவில்லை. உள்விளக்கையும் துண்டித்திருந்தார்கள், இருட்டில் கதவைத் திறக்கும் போலீஸ்காரர் வெளிச்சத்தில் நிற்கக்கூடாது என்று. அதை மட்டும் வர்ஜில் இணைத்துவிட்டார். கதவைத் திறந்தால் எரியும், மூடினால் மெல்ல அணையும்.

நவம்பரில் ஒரு ராத்திரி... ரயில் பாதை குறுக்கிடும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

உள்விளக்கு எரிந்தது.

திரும்பிப் பார்த்தார். நான்கு கதவும் மூடித்தான் இருந்தன. பிறகு 'தொப்'பென்று ஒரு சத்தம். விளக்கு மெல்ல அணைந்தது. வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அமிழ்ந்தது, யாரோ ஏறி உட்கார்ந்தாற்போல.

நனைந்த கம்பளி வாசனை. கூடவே பெப்பர்மின்ட் மிட்டாய் வாசனை.

வர்ஜில் கத்தவில்லை. ஓடவும் இல்லை. பத்து மணி நேரம் நின்ற கால்கள் ஓடக்கூடிய நிலையில் இல்லை. வண்டியைக் கிளப்பினார். கண்ணாடியில் பின் இருக்கை காலியாகத்தான் தெரிந்தது.

இரண்டு மைல் போனதும், பின் ஜன்னலில்... டிக். டிக். டிக். நகத்தால் தட்டும் சத்தம். அவசரமே இல்லாத தட்டல். அங்கே சாலையோரம் ஒரு வீட்டுத் தபால் பெட்டி மட்டும் கம்பத்தில் சாய்ந்து நின்றது. அதற்குரிய வீட்டை இடித்துப் பல வருஷமாயிற்று.

அவருக்குச் சட்டென்று புரிந்தது. இறங்கவேண்டும். உள்ளிருந்து திறக்க முடியவில்லை.

இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கு எரிந்தது. வண்டி மெல்ல மேலே எழும்பியது. மூடினார். வீட்டுக்கு வந்து விரல்களை வெந்நீரில் வைத்தார்.

"டிப்ஸ் கொடுத்துதா?" என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு கிழவர் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். டோரீன் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தான். ரயில் பாதையில் ஏறும். தபால் பெட்டியருகே தட்டும். அவர் இறங்குவார், திறப்பார், மூடுவார். பயம்கூட ஒரு வாரத்தில் பழகிப்போயிற்று. ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஒரு வேலை, அவ்வளவுதான். மனைவி நடீனிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் டிசம்பர் வந்ததும் தூக்கம் போயிற்று. நாளைக்கு டெஸ்ஸா அந்த இருட்டில் இறங்கி நின்று கதவைத் திறப்பாளா? தட்டலைக் கேட்டுப் பதறி வண்டியைப் பள்ளத்தில் விட்டுவிட்டால்? காரை விற்றுவிட்டு வேறு வாங்கவும் வழியில்லை.

"முகமே சரியில்ல. கார்ல என்ன வேலை பாக்கி?" என்றாள் நடீன்.

"பின்கதவு" என்றார்.

பக்கத்து ஊர் இரும்புக்கடையில் ஒருவழியாகக் கம்பிகள் கிடைத்தன. பொருத்தினார். இரண்டு பின்கதவும் உள்ளிருந்து திறந்தன. அன்று ராத்திரி தபால் பெட்டியருகே வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. "இப்ப நீங்களே திறந்துக்கலாம். பக்கத்துலதான் கைப்பிடி" என்று முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 'க்ளிக்'. விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. மூடிற்று. வர்ஜில் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதார். அத்தனை நிம்மதி.

சாவியைக் கொடுக்கும்போது மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். "அந்தத் தபால் பெட்டிகிட்ட ஒரு நிமிஷம் நிறுத்திட்டு வாம்மா."

"எதுக்குப்பா?"

"எஞ்சின் ஆறணும்."

"இந்தக் குளிர்லயா!" என்று சிரித்தாள் டெஸ்ஸா. "சரி சரி, நிறுத்துறேன்."

முதல் ராத்திரி. நடீன் தூங்கிவிட்டாள். வர்ஜில் சமையலறையில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் முற்றத்தில் வந்து நின்றது. ஒரு கதவின் சத்தம். காலணிப் பனியை உதறும் சத்தம். டெஸ்ஸா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சாவியை மேசையில் போட்டுவிட்டு அப்படியே நாற்காலியில் சரிந்தாள்.

"நிறுத்தினியாம்மா?"

"எங்கப்பா நிறுத்துறது? ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ். பிரேக்கை மிதிச்சா வழுக்குது. நேரா வந்துட்டேன்." கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "அப்புறம் அந்தப் பின் ஜன்னலைப் பாருங்க. வழியெல்லாம் டிக் டிக்குனு ஒரே சத்தம்."

வர்ஜில் எழுந்து ஜன்னலருகே போனார்.

முற்றத்தில் கார் இருட்டாக நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்விளக்கு எரிந்தது. பின்கதவு திறந்தது... மூடிற்று. விளக்கு மெல்ல அணைந்தது.

படிகளில் சத்தமில்லை. நனைந்த கம்பளி வாசனை மட்டும் கதவிடுக்கு வழியாக வந்தது. பிறகு பெப்பர்மின்ட்.

வாசல் கதவில்... டிக். டிக். டிக்.

"யாரோ தட்டுறாங்கப்பா. திறக்கட்டுமா?" டெஸ்ஸா எழப்போனாள்.

அவர் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார். வேண்டாம் என்று தலையாட்டினார். இத்தனை ராத்திரி திறந்துவிட்ட மனிதர், முதல் தடவையாகத் திறக்கவில்லை.

தட்டல் நின்றது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு வாசல் கதவின் பித்தளைக் குமிழ் திரும்ப ஆரம்பித்தது... மெதுவாக, நீண்ட வேலை முடிந்து வீடு திரும்பியவர் திருப்புவதுபோல.