பிள்ளைகளைப் பீட்ரூட் தின்னவைத்த அக்காவுக்கு

ஆக்கிப் போட்டு ஆளாக்கிய அக்கா! ஆவி பறக்கும் அண்டாக்களின் அரசியே! அள்ளி வைக்கையில் அளவு பாராத அன்புக் கரத்தாரே!

நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிச் சமையற்கட்டிலிருந்து விடைபெறும் நாளில் புகழ்ந்து தள்ளுவது உலக வழக்கம். நாங்களோ உங்கள் கதையை உங்களுக்கே சொல்லப் போகிறோம்.

வாடிய காயை முகர்ந்தே வண்டியோடு திருப்பியனுப்பிய மூக்கு உங்களுடையது. கழுவிக் கவிழ்த்த தட்டுகளின் கலகலப்பும், மணியடித்ததும் தாழ்வாரத்தில் புரண்டு வரும் பிள்ளைக் கூச்சலும் இப்போது நினைத்தாலும் நெஞ்சை நனைக்கின்றன.

பொரித்ததை நிறுத்திக் காயும் கீரையும் கொண்டுவந்தீர்களே, அந்த வருஷம்! உணவுக்கூடத்து வாசலில் பலகை வைத்து, "பீட்ரூட்: இரத்தத்துக்கு நல்லது. கீரை: கண்ணுக்கு நல்லது" என்று முத்து முத்தாக எழுதினீர்கள். பிள்ளைகள் படித்தார்கள், தட்டை அப்படியே கழிவு வாளியில் கவிழ்த்தார்கள். தலைமையாசிரியர் வாளியை எட்டிப் பார்த்தார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்மா. அப்புறம் வெளியிலேருந்து பொட்டலச் சாப்பாடுதான்" என்றார். பொட்டலம் வந்தால் இங்கே அடுப்பு அணையும். இங்கே அணைந்தால் எங்கள் வீடுகளில் உலை ஏது?

மறுநாள் வாளியோரம் முக்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். "ஏன் கண்ணு, பிடிக்கலையா?" முன்பல் விழுந்த வாயாடி ஒருத்தி சொன்னாள்: "எங்கம்மா கசப்பு மருந்து குடுக்கும்போதுதான் நல்லது நல்லதுன்னு சொல்வாங்க. நீங்க அதைப் போர்டுலயே எழுதிட்டீங்க! அதோட, ஆறிப் போச்சு பெரியம்மா."

கோபித்தீர்களா? அவள் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தின்றீர்கள். "அடிப்பாவிகளா, சவசவன்னு இருக்கே! நானே துப்பிடுவேன்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தீர்கள். அன்று முதல், மணியடிக்கும் நேரத்துக்குத்தான் காய் அடுப்பை விட்டு இறங்கியது. எலுமிச்சையும் மிளகும் ஏறின. பலகையை அழித்துவிட்டு ஒரே வரி எழுதினீர்கள்: "இன்று பீட்ரூட். கொஞ்சம்தான் இருக்கிறது." பின்கட்டில் இரண்டு அண்டா நிறைய இருந்தது நமக்கு மட்டும்தானே தெரியும்!

வரிசை வாசல் தாண்டியது. மாசக் கடைசியில் தட்டேந்தி வந்த தலைமையாசிரியர், காலி அண்டாவைப் பார்த்து, "எனக்கு இல்லையாம்மா?" என்றார். "போர்டைப் படிக்கலையா சார்?" என்றீர்கள். பொட்டலப் பேச்சு அதோடு ஒழிந்தது.

அன்று நீங்கள் காத்த அடுப்பில்தான் எங்கள் குடும்பங்கள் குளிர் காய்கின்றன, தாயே! ஊருக்கெல்லாம் பரிமாறி, நின்றபடியே உண்ட நீங்கள் இனி உட்கார்ந்து உண்ணுங்கள். பரிமாற அருகில் பிள்ளைகள் இருக்கட்டும். வயிற்றில் நல்ல பசி இருக்கட்டும். நோய்க்கு உங்கள் வாசல் மறந்து போகட்டும். உங்கள் வீட்டுப் பானையில் எப்போதும் இன்னும் ஒருவருக்கான சோறு கூடுதலாகவே இருக்கட்டும்!

உங்கள் கைப்பக்குவம் மறவாத
சமையற்கட்டு ஊழியர்கள்