அளவு சரி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடிக்கலாம்.

என் பெயர் ராமசேஷன். குற்றாலம் பேரருவிக்கு மேலே தண்ணீர் ஏறினால், கீழே குளிப்பவர்கள் வெளியேறுவதற்காகச் சங்கு ஊதும். அந்தச் சங்கை ஊதவைக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியவன் நான்.

தென்காசி அலுவலகத்தில் என் மேலதிகாரி சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி. முன்பு கடையநல்லூரில் தறிச் சேலைகளை அளந்து முத்திரை குத்தியவர். என் புரோகிராமையும் அப்படித்தான் பார்த்தார். தினமும் காலையில் திரையில் கோப்பின் அளவைப் படிப்பார். 40,960 பைட். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். "முழம் சரியா இருந்தா சேலை சரிதான்வே" என்பார்.

இந்த சீசனில் இரண்டு தடவை சங்கு வீணாக ஊதிவிட்டது. பெரிய மனிதர்கள் ஈரத்துணியோடு ஓடினார்கள். மறுநாள் அண்ணாச்சி எல்லார் முன்னாலும் சொன்னார்: "உம்ம சங்கு சும்மா சும்மா ஊதுதுவே. வாயில துணிய வச்சு அடைச்சிரும்." ஆபீஸே சிரித்தது. எனக்கு வலித்தது.

அடைத்தேன். சங்கை ஊதச் சொல்லும் பகுதியை எடுத்துவிட்டேன். கோப்பு 312 பைட் இளைத்தது. துண்டுக் கோப்புகளைத் தானே சேர்த்து ஒரே புரோகிராமாக்கித் தரும் 'மேக்' என்ற கருவி எங்களிடம் உண்டு. அதற்கான கட்டளைகளில் ஒரு வரி கூட்டினேன்: குறைகிற இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பு. மறுபடியும் 40,960. அவர் கையெழுத்தின் லட்சணம் ஊருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். இருபத்து மூன்று நாள் கையெழுத்துப் போட்டார். தினமும் பக்கத்தில்தான் நின்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

ஆடி அமாவாசையன்று அருவியில் நல்ல கூட்டம். பத்தேகாலுக்குத் தண்ணீர் ஏறுவது என் திரையில் தெரிந்தது. அருவிக் காவலர்களுக்குப் பேச போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் நோட்டைப் புரட்டினேன். அன்றைய கையெழுத்து இருந்தது. மூடி வைத்தேன்.

பதினான்கு பேர். அதில் அச்சன்புதூர் பேச்சிமுத்துவின் இரண்டு பெண் குழந்தைகளும் உண்டு என்றார்கள். பாவம்தான்.

அண்ணாச்சியை நேற்று நீங்கள் கைது செய்து ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தது நியாயம். அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. பேப்பரில் 'கம்ப்யூட்டர் கோளாறு' என்று போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள், ஐயா. என் புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை.