செருப்புக் காணிக்கை

இல்ல மிஸ், அந்தக் கதிரையில இருக்காதீங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இதில இருங்க. கோபிகா இல்ல, தாயோட சிலாபத்துக்குப் போயிட்டா. நான்தான் அனுப்பினன். அவ நிண்டா உங்களுக்கு முன்னால வாய் திறக்கமாட்டா, அழுவா. ஓம், இரஞ்சிதம் எண்டது நான்தான், அவட பெரியம்மா. அசைன்மென்டில கடைசிப் பக்கத்தில, தகவல் தந்தவர் இரஞ்சிதம், உடப்பு, எண்டு எழுதியிருந்தாளே. அதுக்கு மேலால நீங்க சிவப்புப் பேனையால கோடு போட்டீங்களே, அந்த ஆள்.

கோவமா? எனக்கென்ன கோவம். தேத்தண்ணியக் குடிங்க. கோவமெண்டா சீனிக்கு உப்புத்தானே போட்டிருப்பன்.

லைப்ரரி வகுப்பில நீங்க குடுத்த பேப்பர் இந்தா இருக்கு. நம்பக்கூடிய தகவலைக் கண்டுபிடிக்கிறது எப்பிடி, பத்துக் கேள்வி. நான் ஏழாம் வகுப்புத்தான், ஆனா வாசிப்பன். நேத்து கருவாடு காயப் போட்டுட்டு இருந்து எனக்கு நானே புள்ளி போட்டுப் பாத்தன். எழுதினவர் என்ன பட்டம் படிச்சவர்? சைபர். எந்தப் பதிப்பகம்? எங்கட மீன் வாடிக் கொட்டிலுக்கு ஓலை மாத்தவே ஆளில்ல, சைபர். கண்ணால கண்ட ஆளா எண்டு ஒரு கேள்வி வரும் வரும் எண்டு பத்தாவது வரைக்கும் பாத்தன் மிஸ். வரவேயில்ல. பிறந்ததில இருந்து இந்தக் கரையில மீன் பொறுக்கிறன், பத்துக்கு ஒண்டும் எடுக்கல்ல. சிரிங்க, நானும் சிரிச்சனான்.

நீங்களா யோசிச்ச கேள்வியா அது? இல்லையா? வெளிநாட்டு லைப்ரரி ஒண்டு போட்டதத் தமிழில மாத்தினீங்களா? அதுதானே பாத்தன்.

சரி, விசயத்துக்கு வருவம். வலை இறக்க முதல் எங்கட பொம்பிளை ஒருத்தி கடலுக்குச் செருப்பு எறிஞ்சு காணிக்கை குடுப்பா எண்டு புத்தகத்தில கிடக்கு. கோபிகா என்ன எழுதினா? அப்பிடி ஒரு வழக்கமில்ல, வலைக்குக் கிட்டப் போறதெண்டாலே செருப்பைக் கழட்டிருவம் எண்டு. நீங்க அவவுக்குச் சொன்னது, மூண்டு புத்தகத்தில ஒரே மாதிரி இருக்கு, பெரியம்மா சொன்னது ஆதாரமில்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தி எழுது, இல்லாட்டிப் பெயில். இந்த வீட்டில கெம்பஸுக்குப் போன முதல் பிள்ளை அவ. எனக்கு வயிறு எரியுது மிஸ். முதல்ல கோவமில்ல எண்டது பொய்தான்.

நீங்களும் கடக்கரை ஊர்தான், கண்டக்குழிப் பிள்ளை எண்டு கோபிகா சொன்னா. உங்கட வாப்பா கடல் தொழிலாமே. அவர் எப்பயாவது கடலுக்குச் செருப்பு எறிஞ்சவரா? ம். இல்லையெண்டு தலையாட்டுறீங்க. தெரிஞ்சுகொண்டும் புத்தகத்தைத்தான் நம்பினீங்க.

அதுவும் மூண்டு புத்தகமாம். கோபிகாவை வாசிச்சுக் காட்டச் சொன்னன். ரெண்டாவது ஆள் முதலாவதைப் பாத்து எழுதினவர், மூண்டாவது ஆள் ரெண்டாவதைப் பாத்து. அந்த ரெண்டு பேரும் இந்த மணலில கால் வைக்கல்ல. முதலாவது ஆள், அந்த வெள்ளைக்காரர், இங்க வந்தவர்தான், அது உண்மை. எண்பத்தி ஆறாம் வருசம்.

ஆனா அவர் கேட்ட நேரம் பிழை மிஸ். வலை இறக்கிற நேரம் ஆர் என்ன கேட்டாலும் எங்கட கரையில நேர்ப் பதில் சொல்லமாட்டம். எங்க போறீங்க எண்டா காட்டுக்கு எண்டுவம். உண்மையச் சொன்னா வலையில ஒண்டும் படாது. இங்க உள்ளவங்களுக்கு அது தெரியும், அதால கேக்கமாட்டாங்க. அவருக்குத் தெரியல்ல, அவரோட கொழும்பில இருந்து வந்த மொழிபெயர்ப்புக்காரருக்கும் தெரியல்ல.

புத்தகம் கொண்டு வந்திருக்கிறீங்க தானே? அறுபத்தி நாலாம் பக்கத்தில ஒரு படம். குமர்ப்பிள்ளை ஒண்டு, முதுகு மட்டும், கை மேல, செருப்பு ஆகாயத்தில. கீழ என்ன போட்டிருக்கு? உள்ளூர்ப் பெண். ஓம். அவவுக்கு அங்கால எங்கட மீனைக் கவ்விக்கொண்டு ஓடுற நாயைப் படத்தில வெட்டிட்டாங்க. செருப்பைக் கழட்டிக் கையில வச்சிருந்ததால நான் அதால நாய்க்கு எறிஞ்சன், நாயில படல்ல, கடலுக்குள்ள போயிட்டு. ஏன் எறிஞ்சாய் எண்டு அவர் கேட்டார். வலை இறங்குற நேரம். காணிக்கை எண்டன். எனக்கு அப்ப பத்தொன்பது வயசு.

இனி நீங்க என்ன புள்ளி போட்டாலும் போடுங்க மிஸ். அந்த மனிசன் ஒரு கிழமை எங்கட வீட்டில மீன் குழம்பு திண்டவர், போகுமட்டும் என்ட பேரைக் கேக்கல்ல. கோபிகா கொப்பியோட வந்து இருந்த உடன, பெரியம்மா, உங்கட முழுப் பேரைச் சொல்லுங்க எண்டா. சொன்னன், எழுதினா. அதுக்குப் பிறகு நான் எப்பிடி மிஸ் பொய் சொல்லுறது?